வாசகர் கேள்வி பதில்: மாற்றியது நூலா, வயதா?

கேள்வி: பதினேழு வயதில் ஈழத்து எழுத்தாளர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதையையும் காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யையும் படித்தேன். என் வாழ்க்கைப் பார்வை அவற்றால் உருவானதென்றே நம்பியிருந்தேன். ஓய்வுபெற்ற பின் மீண்டும் படித்தபோது அந்த வேகம் வரவில்லை. அன்று என்னை மாற்றியது நூலா, என் வயதா?
(உப்புவெளி வாசகர் ஒருவர்)

பதில்: வயது மட்டுமே காரணமென்று நான் கருதவில்லை. 1904இல் ஜொகனஸ்பேர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்ட காந்தியடிகளிடம் நண்பர் போலாக் கொடுத்த நூல், ஜோன் ரஸ்கினின் 'கடையனுக்கும் கதிமோட்சம்'. வழக்கறிஞராக நன்கு ஊன்றிவிட்ட அவர் அதை இரயிலிலேயே படித்து, அன்றிரவு உறங்க முடியாமல், வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத் தீர்மானித்து, அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். தம் உள்ளத்தில் ஏற்கெனவே ஆழ வேரூன்றியிருந்த சில நம்பிக்கைகளையே அந்நூலில் கண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். உங்களுக்கும் அதுவே நிகழ்ந்திருக்கும்.

'சத்திய சோதனை'யில், சிறுவயதில் செய்த பொன் திருட்டை ஒரு தாளில் எழுதி, நோயுற்றிருந்த தந்தையிடம் நீட்டும் பகுதியை நினைத்துப் பாருங்கள். பதினேழு வயதில் அப்பாவிடம் எதையேனும் மறைத்துவைத்திருக்கும் பிள்ளை, தாளை நீட்டும் மகனின் நடுக்கத்தைத் தன்னுடையதாகவே உணர்வான். பிள்ளைகளை வளர்த்து முடித்தவரோ, கண்ணீருடன் அதைப் படித்துவிட்டுக் கிழித்தெறியும் தந்தையின் பக்கம் நின்று படிப்பார். முந்தைய வேகம் வராததற்கு நூலின் குறையோ உங்கள் குறையோ காரணமன்று.

'தோணி' பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். திருகோணமலை மாவட்டத்து மூதூரில் பிறந்த இராசரத்தினம், கடற்கரைக் குடும்பத்துப் பையன் சொந்தத் தோணிக்கு ஏங்குவதைக் கதையாக்கியபோது, கொட்டியாரக் குடாவின் கரையில் அன்றாடம் கண்ட மனிதர்களும் இலக்கியத்துக்கு உரியவர்களே என்பதைத் திருகோணமலை இளைஞர்கள் அச்சில் கண்டார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் தொலைவிலுள்ள ஊர்களையும் அரசர்களையும் பேசிய சூழலில் அது சிறிய செய்தியன்று. அதன்பின் ஒரு மீனவரிடம் நீங்கள் பேசிய முறையிலோ, அலுவலகத்துக்கு வந்த ஏழையை அமரச் சொன்னதிலோ அக்கதைக்குப் பங்கிருந்தால், அது தன் வேலையைச் செய்துவிட்டது. அன்று புதிதாக வந்த பார்வை இன்று உங்கள் இயல்பாகிவிட்டதால், மறுவாசிப்பில் அது வியப்பளிக்காதது இயற்கையே. ஆகவே மறுவாசிப்பின் கிளர்ச்சியை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: உயர்தரம் படிக்கும் என் பேரனுக்கு இவ்விரண்டையும் கட்டாயமாகப் படிக்கக் கொடுக்கலாமா?
(அதே வாசகர்)

பதில்: கட்டாயம் வேண்டாம். உங்கள் பிரதிகளை அவன் கைக்கு எட்டுமிடத்தில் வையுங்கள். அவற்றில் உங்களைத் தொட்ட பக்கம் எதுவென்று ஒருநாள் அவனிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். கைப்பேசியில்தான் படிப்பானென்றால், ஈழத்து நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் கட்டணமின்றி வாசிக்கத் தரும் 'நூலகம்' என்னும் இணையத்தளத்தைக் காட்டிவிட்டு, அவனையே தேட விடுங்கள். அவனுக்குரிய நூல் நீங்கள் கேள்விப்படாத ஒன்றாகவும் இருக்கலாம். அதை அவன் கொண்டுவந்து காட்டும்போது நீங்களும் படியுங்கள்.