கச்சா எண்ணெய் இறங்கியும் பங்க் விலை ஏன் இறங்கவில்லை? வீட்டு பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஒரு கார், ஒரு ஸ்கூட்டர். இரண்டுக்கும் சேர்த்து மாதம் 60 லிட்டர் பெட்ரோல் ஆகிறது. வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டி மாறும் வகை. வேறு நாட்டில் இருக்கும் உறவினர், அங்கே பெட்ரோல் எங்கள் விலையில் பாதிதான் என்கிறார். கச்சா எண்ணெய் 30% சரிந்தது என்று செய்தி வந்தபோதும் எங்கள் பங்கில் அவ்வளவு குறையவில்லை. ஏன் இப்படி? அடுத்த வருடத்துக்கு எரிபொருள் செலவை எப்படிக் கணக்கிடுவது? கச்சா எண்ணெய் ஃபண்டில் பணம் போட்டு வைத்தால் விலையேற்றத்தை ஈடுகட்டிவிடலாம் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

கச்சா எண்ணெய் உலகம் முழுக்க டாலரில்தான் பேரம் பேசப்படுகிறது. தரத்துக்கும் தூரத்துக்கும் ஏற்ப கொஞ்சம் ஏறி இறங்கினாலும், வாங்கும் நாடுகள் எல்லாவற்றுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். பீப்பாய் 80 டாலர் என்றால் லிட்டர் சுமார் 50 சென்ட். பீப்பாயில் 10 டாலர் ஏறினால் லிட்டருக்கு 6.3 சென்ட் கூடும். இதற்கு மேல் நீங்கள் கொடுக்கும் பணம் சுத்திகரிப்புக்கும், போக்குவரத்துக்கும், பங்க் கமிஷனுக்கும், வரிக்கும் போகிறது. நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவது வரிதான். சில நாடுகளில் வரிக்குப் பதில் மானியம்.

வரி எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். அமெரிக்காவின் மத்திய அரசு வரி கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 18.4 சென்ட், 1993இலிருந்து மாறவில்லை. லிட்டருக்குப் பார்த்தால் 5 சென்ட்டைக்கூடத் தொடாது (மாநில வரிகள் தனி). ஐரோப்பிய ஒன்றியத்திலோ எந்த உறுப்பு நாடும் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 35.9 யூரோ சென்ட்டுக்குக் குறைவாகக் கலால் வரி போடக் கூடாது. அது அடிமட்ட அளவு. பல நாடுகள் அதைவிட அதிகமாகவே வாங்குகின்றன. அதற்கு மேல் மதிப்புக் கூட்டு வரி, அதுவும் கலால் வரியையும் சேர்த்த தொகையின் மேல். வரிக்கு வரி என்று மக்கள் சலித்துக்கொள்வது இதைத்தான். எண்ணெய் தோண்டும் நாட்டில் பெட்ரோல் மலிவாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் ஏற்றுமதியில் செழித்த நார்வேயில் வரி அதிகம், பங்க் விலையும் அதிகம்.

இப்போது உங்கள் 30% கணக்கு. ஒரு லிட்டர் 100 என்று வைத்துக்கொள்வோம். கச்சா எண்ணெய் 40. சுத்திகரிப்பு, போக்குவரத்து, கமிஷன் 15. லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையாக வாங்கும் கலால் வரி 25. ஆக 80. அதன்மேல் 25% மதிப்புக் கூட்டு வரி 20. மொத்தம் 100. கச்சா எண்ணெய் 30% சரிந்தால் 40 என்பது 28 ஆகும். 28, 15, 25 சேர்ந்து 68, வரியோடு 85. அதாவது கச்சா எண்ணெய் 30% விழுந்தால் பங்கில் 15%தான் விழும். யாரும் ஏமாற்றவில்லை என்றாலும் அவ்வளவுதான். அரசாங்கம் அந்த நேரம் பார்த்துக் கலால் வரியை உயர்த்தினால் அந்த 15%உம் கைக்கு வராது. 2020இல் எண்ணெய் விலை அடிமட்டத்துக்குப் போனபோது இந்தியா செய்தது இதுதான்: மே மாதத்தில் பெட்ரோல் மீதான மத்தியக் கலால் வரி லிட்டருக்கு 32.98 ரூபாய் ஆனது.

இதே கணக்கு மேல்நோக்கியும் வேலை செய்யும். கச்சா எண்ணெய் 50% ஏறினால் மேலே சொன்ன நாட்டில் பங்க் விலை 125. வரி மிகக் குறைவான நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: கச்சா எண்ணெய் 40, மற்றவை 15, வரி 5, மொத்தம் 60. அங்கே அதே ஏற்றம் விலையை 80 ஆக்கும், அதாவது 33% உயர்வு. மலிவான நாட்டில் இருக்கும் உங்கள் உறவினருக்கு ஆட்டம் உங்களைவிட அதிகம். நிலையான வரி பாரம்தான்; ஆனால் அது அதிர்ச்சியையும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது.

மானியத்தால் மலிவான நாட்டில் ஆபத்து வேறு மாதிரி. விலை வருடக்கணக்கில் அசையாது, பிறகு ஒரே நாளில் தாவும். ஈரானில் 2019 நவம்பரில் நள்ளிரவோடு விலை மாறியது: லிட்டர் 10,000 ரியாலாக இருந்தது, தனியார் காருக்கு மாதம் முதல் 60 லிட்டர் 15,000 என்றும் அதற்கு மேல் 30,000 என்றும் ஆனது. நைஜீரியா கச்சா எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடு. ஆனால் சுத்திகரிப்பு ஆலைகள் ஓடாததால் பெட்ரோலை இறக்குமதி செய்தது. 2023 மே மாத இறுதியில் மானியம் போகும் என்று அறிவித்ததும் சில நாட்களில் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. உறவினர் அப்படிப்பட்ட நாட்டில் இருந்தால், பொறாமைப்படுவதைவிட அவரைச் சேமிக்கச் சொல்வது நல்லது.

செய்திகளில் கச்சா எண்ணெய்க்குக் கிடைக்கும் இடம் நாணய மதிப்புக்குக் கிடைப்பதில்லை. பீப்பாய் விலை அசையாமல் இருந்து, டாலர் மட்டும் உங்கள் பணத்தில் 10% விலை ஏறினால், மேலே சொன்ன கணக்கில் பங்க் விலை 105 ஆகிவிடும். இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர், மே மாதத்தில் 360ஐ நெருங்கியது. அதே வருடம் கச்சா எண்ணெயும் உச்சத்தில் இருந்ததால் இரண்டு அடியும் சேர்ந்து விழுந்தது. கடைசியில் கியூஆர் குறியீடு காட்டி வாராந்திர அளவு வாங்கும் நிலை வந்தது. ஆகவே விலையை ஊகிக்க விரும்பினால் பீப்பாய் விலையையும் டாலர் விலையையும் பெருக்கிப் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஏறும்போது வேகமாக ஏறும் விலை இறங்கும்போது மெதுவாக இறங்குவது பல நாடுகளில் அளந்து பார்க்கப்பட்ட விஷயம். பொருளாதார ஆய்வாளர்கள் இதை ராக்கெட்டும் இறகும் என்கிறார்கள். பட்ஜெட் போடுகிறவருக்கு இதன் அர்த்தம்: விலை குறையும் என்று நம்பி எதையும் முன்கூட்டியே செலவழிக்காதீர்கள்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. மூன்று மாதம் லிட்டரை எழுதுங்கள், பணத்தை அல்ல. பணத்தை எழுதினால் விலை ஏறியதா, ஓட்டம் கூடியதா என்று தெரியாது. 60 லிட்டர்தான் என்று உறுதியானதும், விலை 25% ஏறினால் என்ன என்று பாருங்கள்: மாதம் 15 லிட்டருக்கான பணம் கூடுதலாக வேண்டும். ஆறு மாதம் தாங்க 90 லிட்டர். இன்றைய விலையில் 90 லிட்டருக்கான தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 10 லிட்டர் விலை வீதம் ஒன்பது மாதம். விலை இறங்கும் மாதங்களில் மிச்சமாவதும் அதே கணக்குக்குப் போகட்டும். பெட்ரோலையே கேனில் வாங்கி வைக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். அதன் ஆவி தீப்பிடிக்கும், சில மாதங்களில் தரமும் கெடும்.

பங்கில் தெரியாத செலவு இன்னொன்று உண்டு, பெரும்பாலும் அதுதான் பெரியது. சரக்கு லாரிகள் ஓடுவது டீசலில். அதனால் காய்கறி, பால், கட்டுமானப் பொருள், பள்ளி வாகனக் கட்டணம் எல்லாம் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் நகரும். வண்டியே இல்லாத குடும்பமும் இதிலிருந்து தப்பாது. அரசாங்கங்கள் இதைத் தெரிந்துதான் டீசலைத் தனியாக நடத்துகின்றன: ஹாங்காங் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 6.06 ஹாங்காங் டாலர் வரி வாங்குகிறது, வாகனங்களுக்கான யூரோ 5 டீசலுக்கோ 2008இலிருந்து வரி இல்லை. உங்கள் நாட்டில் டீசல் விலை நகர்ந்தால், பெட்ரோல் அசையாவிட்டாலும் பட்ஜெட்டில் மளிகைக்கு ஒதுக்கும் தொகையைத் திருத்துங்கள்.

அடுத்தது உங்கள் கடன். எரிபொருள் பணவீக்கத்தைத் தூக்கினால் மத்திய வங்கி வட்டியை உயர்த்தக்கூடும். 20 வருடம் பாக்கி, 8% வட்டி என்று வைத்துக்கொண்டால், வட்டி 8.5% ஆகும்போது மாதத் தவணை சுமார் 3.75% கூடும். தவணையை மாற்றாமல் வங்கி காலத்தை நீட்டினால் கிட்டத்தட்ட 26 மாதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். இது சத்தமில்லாமல் நடப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. வட்டி மாறிய கடிதம் வந்ததும், தவணையை உயர்த்திக் காலத்தை அப்படியே வைக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

ஃபண்ட் விஷயத்துக்கு வருவோம். காகிதத்தில் நண்பரின் யோசனை சரிதான். வருடத்துக்கு 720 லிட்டர். கச்சா எண்ணெய் 50% ஏறினால் பங்க் விலை 25% ஏறும் என்று பார்த்தோம்; கூடுதல் செலவு 180 லிட்டர் விலை. அதை முழுதாக ஈடுகட்ட 360 லிட்டர் விலைக்கு எண்ணெய் கையில் இருக்க வேண்டும். ஆனால் ஃபண்ட் எண்ணெயை வாங்கி வைப்பதில்லை. பெரும்பாலானவை முன்பேர ஒப்பந்தங்களை (பின்னொரு தேதியில் எண்ணெய் வாங்க இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள்) வாங்கி, முடியும் முன் விற்று, அடுத்த மாத ஒப்பந்தத்துக்கு மாறுகின்றன. அடுத்த மாத ஒப்பந்தத்தின் விலை கூடுதலாக இருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கரையும். கச்சா எண்ணெய் பழைய விலைக்குத் திரும்பினாலும் ஃபண்ட் திரும்பாது. 2020 ஏப்ரல் 20 அன்று டபிள்யூடிஐ என்ற அமெரிக்கக் கச்சா எண்ணெய் வகையின் மே மாத ஒப்பந்தம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அன்று பங்கில் யாருக்கும் இலவசமாக ஊற்றவில்லை. அந்த 360 லிட்டர் பணத்தில் 90ஐச் சேமிப்பில் வைத்து, மீதியை வீட்டுக் கடனின் அசலில் கட்டினால் லாபம் நிச்சயம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து மனதில் வருவது வண்டியை மாற்றுவதுதான். மைலேஜ் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் பாருங்கள். லிட்டருக்கு 12 தரும் காரை 16 தருவதாக மாற்றினால் 83லிருந்து 62.5 ஆகும், மிச்சம் 20 லிட்டருக்கு மேல். 20 தருவதை 25 தருவதாக மாற்றினால் மிச்சம் 10தான். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் ஒரு விஷயம் கூட: எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, 10% கலந்தால் மைலேஜ் சுமார் 3% இறங்கும். பழைய வண்டியை விற்று வரும் பணம் போக, கையிலிருந்து போடும் கூடுதல் தொகையை மாதாந்திர மிச்சத்தால் வகுத்தால் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தெரியும். மின்சார வண்டிக்கும் இதே கணக்குதான், மின் கட்டணத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கை இன்றைய விலையில் ஒரு முறையும், பெட்ரோல் 25% குறைந்த விலையில் ஒரு முறையும் போடுங்கள். இரண்டாவது கணக்கிலும் ஐந்து வருடத்துக்குள் பணம் திரும்பினால் மாற்றலாம். இல்லையென்றால் இருக்கும் வண்டியே ஓடட்டும்.