பந்தியில் அவனுக்கும் ஓர் இலை

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில்தான் போகிறான். பேச்சு மெதுவாக வரும், ஆனால் தங்கைக்கு ராத்திரி கதை சொல்வது அவன்தான். ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் கோயில் கொடையில், “அவன் கூட்டத்துல கஷ்டப்பட வேண்டாம், இலையை வீட்டுக்கே அனுப்பிடுறோம்” என்றார் பெரியம்மா. பள்ளி ஆண்டு விழாவிலும் மேடையில் ஏற்ற முடியாது என்று கீழேயே உட்கார வைத்துவிட்டார்கள். “அரசாங்கம் மாசம் ரெண்டாயிரம் தரும், ஊரார் மனசையா மாத்தும்?” என்கிறார் என் கணவர். நிஜமாகவே அரசாங்கத்தால் இதில் ஒன்றும் செய்ய முடியாதா?
— ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த இலைதான் மனதில் நிற்கிறது. பெரியம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பிள்ளைக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் இலை வீட்டுக்கு வந்ததால், பந்தியில் இருந்த நாற்பது ஐம்பது பேரும் உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்காமல் போனார்கள். இப்படியே பத்து வருஷம் போனால், “இவன் எப்படி வேலைக்குப் போவான்?” என்று அதே ஆட்கள்தான் கேட்பார்கள்.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. மனசை மாற்ற அரசாணை போட முடியாது. ஆனால் ஊரார் யாரை, எங்கே, தினமும் பார்க்கிறார்கள் என்பதை அரசாங்கம் மாற்ற முடியும். மனசு அதற்குப் பின்னால் மெல்ல வந்து சேரும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெரு ரேஷன் கடைக்கு மூன்று படி. சக்கர நாற்காலியில் வரும் ஓர் அக்கா, படிக்குக் கீழேயே நிற்பார். யாராவது அவர் அட்டையை வாங்கிக்கொண்டு போய்ச் சாமான் வாங்கி வந்து மடியில் வைப்பார்கள். “பாவம், வீட்டுல வேற ஆள் இல்லையா?” என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அவர் சிரித்துக்கொண்டே நன்றி சொல்வார். பிறகு கடைக்குச் சாய்தளம் போட்டார்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை, கொஞ்சம் சிமெண்டும் ஒரு கைப்பிடிக் கம்பியும்தான். அவர் வரிசையில் நின்று உள்ளே போக ஆரம்பித்தார். ஒரு நாள் சர்க்கரை எடை குறைகிறது என்று கடைக்காரரோடு சத்தமாகச் சண்டை போட்டார். வரிசையில் இருந்தவர்களும், “அக்கா சொல்றது சரிதான், திரும்ப நிறுங்க” என்று சேர்ந்துகொண்டார்கள். அன்றைக்கு ஒருவர் வாயிலும் ‘பாவம்’ வரவில்லை. அந்த மாற்றத்தை எந்த விழிப்புணர்வுப் பேரணியும் எங்கள் தெருவில் செய்திருக்காது.

அரசாங்கம் நினைத்தால் பேச்சே மாறும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 2010இல் அப்போதைய முதல்வர் கருணாநிதி, ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று அரசு வழக்கில் கொண்டுவந்தார். இன்றைக்கு டீக்கடையில்கூட அந்தச் சொல்தான் வருகிறது. சொல் மாறிய அளவுக்குப் பார்வை மாறவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மகன் ஒரு வசைச்சொல்லை அடையாளமாகச் சுமக்காமல் வளர்கிறான்.

2022 நவம்பரில் சென்னை மெரினாவில் சக்கர நாற்காலி கடல்வரை போக மணலுக்கு மேல் ஒரு மரப்பாதை போட்டார்கள். 263 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், செலவு ஒரு கோடியே சொச்சம். எத்தனையோ வருஷம் சென்னையிலேயே இருந்தும் அலையில் கால் நனைக்காதவர்கள் அன்றைக்கு நனைத்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப்போட்டது. பிறகு சரிசெய்தார்கள். அங்கே சுண்டல் தின்றுகொண்டிருந்த குடும்பங்கள் பார்த்தது என்ன? சக்கர நாற்காலியில் ஒருவர் தம்மைப் போலவே கடலுக்கு வந்து நனைந்து சிரிப்பதை.

இதே அரசு இயந்திரம் வருஷா வருஷம் டிசம்பர் 3ஆம் தேதி, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தில், செய்வது எனக்கு வருத்தம் தருகிறது. வெயிலில் வரிசையாக உட்கார வைத்து மூன்று சக்கர வண்டி கொடுப்பது, போட்டோ எடுப்பது, ‘கடவுளின் குழந்தைகள்’ என்று மேடையில் பேசுவது. வண்டி கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தக் காட்சி பார்ப்பவர்களுக்கு இரக்கத்தைத்தான் பழக்குகிறது. சட்டம் கேட்பதோ வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 47ஆவது பிரிவில், பஞ்சாயத்து உறுப்பினர், காவல்துறை, நீதிபதி, நிர்வாக அதிகாரி ஆகியோரின் பயிற்சிகளில் இந்த உரிமைகளைப் பாடமாக வைக்கச் சொல்கிறது. அது ஒழுங்காக நடந்திருந்தால் உங்கள் பள்ளி மேடை விவகாரம் கடிதம் எழுதும் அளவுக்கு வந்தே இருக்காது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் பள்ளி. அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெறும் பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்து, விளையாட்டிலும் பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளிலும் மற்றவர்களுக்குச் சமமாக வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அதைக் குறிப்பிட்டுத் தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். கோபமாக வேண்டாம், மேடைக்குச் சாய்தளம் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் வட்டார வள மையத்துக்கும் (ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை அலுவலகம்) அனுப்புங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரேஷன் கடைக்கும் நூலகத்துக்கும் சாய்தளம் வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் சட்டம் திருத்தியிருக்கிறது. உங்கள் ஊராட்சிக்கு அப்படி ஒருவர் வந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பாருங்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் தெருவிளக்கைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பதை உங்கள் மகன் பார்க்க வேண்டும். ஊரும் பார்க்க வேண்டும்.

பொது இடத்தில் யாராவது வேண்டுமென்றே அவனை அவமானப்படுத்தினால் அதே 2016 சட்டத்தின் 92ஆவது பிரிவு இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் பெரியம்மாவுக்கு இது எதுவும் வேண்டாம். அடுத்த கொடைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய், பந்தி ஓரத்தில் நாற்காலி நுழைகிற மாதிரி இடம் பிடித்து, “பெரியம்மா, இவனுக்கு நீங்களே பரிமாறுங்க” என்று சொல்லுங்கள். அன்புள்ளவர்தான், செய்வார்.

ஆண்டு விழாவில் என்ன செய்ய ஆசை என்று பையனிடமே கேளுங்கள். கதை சொல்கிறேன் என்றால், நேரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மைக் ஸ்டாண்டைத் தாழ்த்தி வைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். பல பள்ளிகளில் அது நின்று பேசுகிறவர் உயரத்துக்குத்தான் இருக்கும்.