இரும்புக் குழாயில் பிவிசி சேர்த்த இடத்தில் கசிவு

எம்சீலை (பிசைந்து அடைக்கும் எபாக்ஸி பசை) இன்னொரு முறை பூச வேண்டாம். கிருஷ்ணகிரி வீட்டில் பழைய வார்ப்பிரும்புக் கழிவுக் குழாயோடு நாலு இஞ்ச் பிவிசியைச் சேர்த்து, எம்சீல் அடைத்தும் ஒழுகுகிறது என்கிறீர்கள். அங்கே தேவை ரப்பர் கப்ளிங், அதாவது இரண்டு குழாய் முனையையும் மூடி இணைக்கிற ரப்பர் உறை. இரண்டு பக்கமும் எவர்சில்வர் கிளாம்ப் போட்டு இறுக்குகிற வகை.

வெயிலில் பிவிசி, இரும்பைவிடப் பல மடங்கு நீளும். கல்லாக இறுகிய எம்சீல் கூடவே நீளாது, ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். பிவிசி ஒட்டுகிற சொல்யூஷனோ இரும்பில் ஒட்டவே ஒட்டாது.

வாங்கும் முன் இரண்டு குழாயின் வெளிச்சுற்றையும் நூல் போட்டு அளந்து 3.14 ஆல் வகுங்கள். பிவிசி 110 மி.மீ. வரும். பழைய இரும்பும் அதே அளவு என்று நம்பிவிடாதீர்கள். உள்ளூரில் பொருத்தமானது கிடைக்காவிட்டால் ஓசூரில் தேடிப் பாருங்கள்.

அப்புறம், ரப்பரை ஏற்றுவதற்காக இரும்புக் குழாயை வெட்டப்போகிற இடத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் சரி. சத்தம் மொத்தையாக வந்தாலோ, துரு ஏடு ஏடாக உதிர்ந்தாலோ, இன்னும் மேலே நல்ல இரும்பில் வெட்டுங்கள். வெட்டு நேராக இருக்கட்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டே ரப்பரை ஏற்றுங்கள்.

ஒன்று மட்டும்: மேலே நிற்கிற இரும்பைச் சுவரோடு கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல் கட்டரைத் தொடாதீர்கள். அந்தப் பாரம் பிவிசி மேல் இறங்கக் கூடாது. குழாய் நெடுகவே அரித்திருந்தால் இந்த ஒட்டுவேலை வீண், முழுசாக மாற்றிவிடுங்கள்.