மறுமொழி: காலையில் ஸ்டார்ட் ஆகாத மாசி 35

தம்பி, அப்பாவின் மாசி பெர்குசன் 35 டிராக்டர் காலையில் தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகிறது, சூடானபின் கரைச்சல் இல்லை என்கிறீர்கள். முதலில் இஞ்செக்டரை (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் சாமான், சிலிண்டருக்கு ஒன்று) எண்ணிப் பாருங்கள். நாலு என்றால் பேர்கின்ஸ் எஞ்சின் வருமுன் போட்ட ஸ்டாண்டர்ட் 23சி எஞ்சின். குளிரில் அடம்பிடிப்பது அதன் பிறவிக்குணம். மூன்று என்றால் பேர்கின்ஸ், நல்ல சாமான்.

இஞ்செக்டருக்கு டீசலைத் தள்ளும் பம்பில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். போரில் டீசலுக்குத் தடை இருந்த காலத்தில் வன்னியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓடிய மெஷின்களில் பம்ப் தேய்ந்திருக்கும், உண்மைதான். ஆனால் தேய்ந்த பம்ப் சூட்டில்தான் கரைச்சல் தரும்.

நாளைக்குக் காலை தள்ளுமுன் டீசல் பில்டரின் எயர் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தி, டாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் லிப்ட் பம்பைக் கையால் அடியுங்கள். நுரை கக்கினால் ராவில் எங்கோ காற்று இழுக்கிறது. டீசல் குழாய் மூட்டுகளில் உள்ள செப்பு வாஷர்களை மாற்றுங்கள். சுத்த டீசலே வந்தால், பற்றரியும் நல்லதென்றால், கம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்கத்தான் வேணும்.