ராணியைத் தேடி அலையாதீர்கள்: ஸ்லாம் ஆட்டம், கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் எங்கள் சனிக்கிழமை பிரிட்ஜ் மேசைக்கு வருகிறவர்களும் தர்மபுரிப் பக்கத்து நண்பர்களும் அனுப்பிய கேள்விகள். சீட்டை ஆடுவதைப் பற்றி மட்டும் பதில் சொல்கிறேன், ஏலம் என் துறை இல்லை. புதியவர்களுக்காக ஒரு வரி: நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்று ஒரு பிடி; ஸ்லாம் என்றால் 13 பிடியில் 12 எடுக்க வேண்டும் (ஏலத்தில் 6 என்று சொல்வது), கிராண்ட் ஸ்லாம் என்றால் பதின்மூன்றும் (ஏலத்தில் 7).

கேள்வி (காவேரிப்பட்டணம்): சார், இஸ்பேட் துருப்பில் 6 சொன்னேன். என் கை: இஸ்பேட் ஆஸ், ராணி, ஜாக்கி, 10, 6. ஆர்டின் ஆஸ், 4. டைமன் ஆஸ், ஜாக்கி, 6. கிளாவர் ராஜா, 7, 2. டம்மி (மேசையில் திறந்து வைத்த கூட்டாளியின் கை): இஸ்பேட் ராஜா, 9, 8, 7, 5. ஆர்டின் ராஜா, 6. டைமன் ராஜா, 10, 5. கிளாவர் ஆஸ், 8, 3. இடது கை ஆர்டின் ராணியை இறக்கினார். கிளாவரில் ஒன்று போகும், அதனால் டைமன் மூன்றும் வேண்டும். டைமன் ராணி வலது கையில் என்று ஊகித்தேன். இடது கையில் இருந்தது. கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

பதில்: கண்டுபிடிக்கவே வேண்டாம் தம்பி. அந்த ராணியை எதிராளியே கொண்டுவந்து கொடுப்பார்.

ஆர்டினை ஆஸில் பிடியுங்கள். துருப்பு வெளியே மூன்றுதான், எல்லாவற்றையும் இழுத்துவிடுங்கள். எப்படிப் பிரிந்திருந்தாலும் உங்கள் கையிலும் டம்மியிலும் துருப்பு மிஞ்சும். ஆர்டின் ராஜாவை ஆடினால் ஆர்டின் இரு கையிலும் காலி. அப்புறம் கிளாவர் ஆஸ், ராஜா. இப்போது போகவேண்டிய அந்த மூன்றாவது கிளாவரை நீங்களே போடுங்கள். யார் பிடித்தாலும் சரி.

பிடித்தவர் என்ன போடுவார்? டைமன் போட்டால், அவருக்கு அடுத்த கையில் சிறியதைப் போடுங்கள். ராணி வந்தால் மேலே சீட்டு இருக்கிறது, வராவிட்டால் ஜாக்கியோ பத்தோ பிடிக்கும். ஆர்டினோ கிளாவரோ போட்டால் டம்மியில் வெட்டுங்கள், உங்கள் கையிலிருந்து டைமன் ஆறைக் கழித்துவிடுங்கள். பிறகு ஆஸ், ராஜா, மூன்றாவது டைமனுக்கு உங்கள் கையில் வெட்டு. ராணி எந்தப் பக்கம் இருந்தாலும் 12 பிடி.

நீங்கள் டைமனை எப்போது தொட்டீர்கள் என்று எழுதவில்லை. துருப்பு இழுத்த உடனே என்று நினைக்கிறேன். அங்கேதான் கோளாறு. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குகிற லாரிக்காரர் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பார். பாதி இறக்கத்தில் பிரேக்கை மிதித்துப் பயன் இல்லை. டம்மி இறங்கியதும் சீட்டில் கை வைக்காதீர்கள். முதலில் எண்ணுங்கள்.

கேள்வி (பாலக்கோடு): ராணி எப்போதும் ஜாக்கிக்கு மேலே உட்காரும் என்கிறார்களே?

பதில்: யார் மேலேயும் உட்காராது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஓசூர்): அண்ணா, துருப்பில்லாமல் 7. பன்னிரண்டு பிடி கையில் தயார். பதின்மூன்றாவதுக்கு இரண்டு வழி: ஆர்டினில் என்னிடம் ஆஸ், ராஜா, 7, 3, டம்மியில் ராணி, 8, 4. வெளியே உள்ள ஆறும் 3-3 என்று பிரிந்தால் நாலாவது ஆர்டின் நிற்கும். இல்லாவிட்டால் டம்மியின் டைமன் ஆஸ், ராணியை நோக்கி ஃபைனஸ், அதாவது ராஜா இடது கையில் இருக்கும் என்று நம்பி ராணியைப் போட்டுப் பார்ப்பது. நான் ஃபைனஸ் எடுத்தேன், ராஜா வலது கையில். பிறகு பார்த்தால் ஆர்டின் 3-3!

பதில்: ஃபைனஸ் தோற்றால் ஆட்டம் முடிந்தது. ஆர்டின் பிரியாவிட்டால் ஃபைனஸ் இன்னும் பாக்கி இருக்கும். அதனால் ஆர்டின் முதலில். அதிலும் டம்மியின் ராணியை முதலில் ஆடிவிட்டு உங்கள் ஆஸ், ராஜாவுக்கு வாருங்கள். அப்போதுதான் ஃபைனஸுக்குச் சீட்டு போடும் முறை உங்கள் கையிலேயே இருக்கும். 3-3 வருவது நூற்றுக்கு 35.5. வராத மிச்சத்தில் பாதிக்கு ஃபைனஸ் கைகொடுக்கும். மொத்தம் 68 பக்கம். நீங்கள் 50-ஐ வைத்து ஆடியிருக்கிறீர்கள்.

கேள்வி (தர்மபுரி): 35.5 எப்படி? ஆறு சீட்டு, இரண்டு பேர். சமமாகத்தானே பிரியும்?

பதில்: ஆறு புளியங்கொட்டையை எடுத்து ஒரு பக்கம் தேய்த்து, தாயம் ஆடுவது போல எறியுங்கள். 64 விதமாக விழலாம். மூன்று வெள்ளை மூன்று கறுப்பு விழுவது 20 விதம். நாலுக்கு இரண்டு 30 விதம். இது தோராயம்தான். ஒவ்வொரு கையிலும் 13 இடம்தான் என்பதால் சீட்டு கொஞ்சம் சமத்தின் பக்கம் சாயும். அதனால் 3-3 வருவது 35.5, 4-2 வருவது 48.5.

கேள்வி (அதே தர்மபுரி): புளியங்கொட்டையில் தேய்த்த பக்கமும் தேய்க்காத பக்கமும் ஒன்றா சார்? ஒரே மாதிரி விழாது.

பதில்: அப்படியானால் காசைச் சுண்டுங்கள்.

கேள்வி (பர்கூர்): தர்மபுரி அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 4-2 என்பதில் இடது கையில் நாலு, வலது கையில் நாலு என்று இரண்டைச் சேர்த்திருக்கிறீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் 3-3 தானே பெரிது?

பதில்: சரியான பிடி. தனித்தனியாக ஒவ்வொன்றும் 24 தான், 3-3 அதைவிடப் பெரிது. ஆனால் நாலாவது ஆர்டின் நிற்குமா என்பதுதான் உங்கள் கேள்வி. நாலு சீட்டு எந்தக் கையில் இருந்தாலும் அது நிற்காது. அதனால் இரண்டையும் கூட்டித்தான் ஆக வேண்டும். எந்தக் கையில் நாலு என்று தெரிந்தால் பயன்படும் ஆட்டங்களும் உண்டு, அங்கே உங்கள் கணக்கு செல்லும்.

கேள்வி (அரூர்): இதைச் சூதாட்டம் என்று வீட்டில் திட்டுகிறார்கள்.

பதில்: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாக பிரிட்ஜ் சேர்க்கப்பட்டது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள் நம் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். ஒருவருக்கு 60 வயது, இன்னொருவருக்கு 56. வீட்டில் காட்டுங்கள். காசு வைத்து ஆடுவதாக இருந்தால் திட்டுவது சரிதான், நானும் சேர்ந்து திட்டுவேன்.

கேள்வி (ஊத்தங்கரை): ஆன்லைன் ரம்மியில் ஜெயிக்க ஏதாவது…

பதில்: இல்லை.

கேள்வி (மத்தூர்): ஆஸ் எத்தனை என்று கேட்க எந்த ஏலம் சொல்ல வேண்டும்?

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி (பென்னாகரம்): ஐயா, என்னுடைய 6 ஆர்டினில் கிளாவர் ராணி யாரிடம் இருக்கும்?

பதில்: ராணி கேள்வி இது மூன்றாவது. உங்கள் இரண்டு கையையும் முழுதாக எழுதாமல் எப்படிச் சொல்வது? எழுதும்போதே எண்ணுங்கள்: உறுதியான பிடி எத்தனை, குறைவது எத்தனை, எந்த நிறத்தை எதிராளி போட்டால் உங்களுக்கு லாபம். பாதிப் பேருக்கு எழுதி முடிப்பதற்குள் விடை கிடைத்துவிடும்.

கேள்வி (தர்மபுரி): புளியங்கொட்டையே எறிந்தேன் சார். 64 தடவை. 3-3 விழுந்தது 27!

பதில்: 64 தடவை போதாது, அறுநூறு எறியுங்கள். அல்லது கொட்டையை ஓரம் வைத்துவிட்டு இந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளம்பி வாருங்கள். எங்களுக்கு நாலாவது ஆள் இல்லை.