செவிலியருக்கு ஆய்வு எதற்கு?

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, ஆறு ஆண்டுகளாக வார்டில் பணிபுரிகிறேன். முதுகலையில் சேரும்போது பேராசிரியர்களின் ஆய்வுகளையும் பார்க்க வேண்டுமா?

பதில்: அவசியம் பாருங்கள். இரவுப் பணியில் ஒருவருக்குச் சலைன் பாட்டிலை மாற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டிலிலிருந்து அழைப்பு வரும். 'இத்தனை பேரை ஒருவரே எப்படிக் கவனிப்பது?' என்ற ஆதங்கம் உங்களுக்கும் எழுந்திருக்கும். அந்த ஆதங்கத்தையே ஆய்வுக் கேள்வியாக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லிண்டா ஏக்கனும் அவருடைய குழுவினரும், அம்மாநிலத்தின் 168 மருத்துவமனைகளின் தரவுகளை ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கு, மருத்துவமனையில் சேர்ந்த 30 நாட்களுக்குள் இறப்பு நேரும் சாத்தியம் 7 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. வெறும் புலம்பலாகத் தள்ளிவிடப்பட்ட ஒன்று, நிர்வாகத்தின் முன் வைக்கத்தக்க சான்றாக மாறியது இப்படித்தான்.

பாடத்திட்டம் பெரும்பாலும் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும், வழிகாட்டிதான் வேறுபடுவார். ஆகவே, விண்ணப்பிக்கும் முன் அத்துறைப் பேராசிரியர்களின் அண்மைக் கட்டுரைகள் இரண்டு மூன்றையாவது படித்து, படுக்கைப்புண், வலி, தொற்று என உங்களை உறுத்தும் சிக்கலில் உழைப்பவர் யாரென்று கண்டறிந்து, அவருக்கே எழுதிக் கேளுங்கள்.