ஹெட்லைட்டோடு பின்னால் வரும் பையன்

கேள்வி: எனக்கு வயது 41. குன்னூரில் வங்கி வேலை. மூன்று வருடமாக ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி லேம்ப்ஸ் ராக் வரை போய்த் திரும்புவேன். மொத்தம் 16 கிலோமீட்டர். தேயிலைச் சரிவில் பனி இறங்குவதும், சோலைக்குள் நுழைந்ததும் காற்றே மாறிப்போவதும் சொல்லி மாளாது. கணவர் தடை சொல்வதில்லை. பெண் தனியாகப் போகக் கூடாது என்பதால் பத்தாவது படிக்கும் மகன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்துவிடுகிறான். ஹெட்லைட் வெளிச்சமும் கிடைக்கிறது. பிரச்சினை மாமியார்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "இந்த வயசுல என்ன ஓட்டம்" என்று சொல்லிச் சிரிக்கிறார். அவர் வாயை எப்படி அடைப்பது? கோத்தகிரி, கேத்தி பக்கம் ஓடுவதற்கு நல்ல வழிகள் இருந்தாலும் சொல்லுங்கள். (பெயர் வேண்டாம், குன்னூர்)

பதில்: மாமியாரை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் சொல்வார், நீங்கள் ஓடுங்கள். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரு மாமியார் இருக்கிறார். போகப் போக மாறிவிடுவார் என்று உங்களைத் தேற்றப்போவதில்லை. மாறாமலே இருக்கட்டும், உங்கள் காலுக்கு என்ன நஷ்டம்?

என் பேனா நின்றது வேறு இடத்தில். கடிதத்தை இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். பனிக்கு ஒரு பக்கம், மாமியாருக்கு இரண்டு பக்கம், எந்த மேட்டில் எத்தனை நிமிடம் என்று கைக்கடிகாரக் கணக்குக்கு முக்கால் பக்கம். பையனுக்கு ஒரு வரி. அதிலும் பாதி ஹெட்லைட்டுக்குப் போய்விட்டது. அவன் பெயர்கூட இல்லை. அந்த இரண்டு மணி நேரம் அவன் என்ன செய்கிறான், என்ன நினைக்கிறான் என்பதும் இல்லை.

பத்தாவது படிக்கிறான் என்றால் 15 வயது இருக்கும். நீங்கள் மேட்டில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறீர்கள். அந்த வேகத்தில் ஸ்கூட்டரை நேராக ஓட்ட எந்தக் கொம்பனாலும் முடியாது. கால் இரண்டையும் தரையில் தேய்த்துக்கொண்டு, பனியில் கை விறைத்துப்போய், தன் அம்மாவின் முதுகைப் பார்த்தபடி அவன் வருகிறான். இதற்குத்தான் "வந்துவிடுகிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தானாக வந்தானா, வரச் சொன்னீர்களா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், வங்கியில் வேலை செய்கிறவருக்கு எண்கள் புரியும். 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கே 16 வயது ஆக வேண்டும். உங்கள் வீட்டு ஸ்கூட்டர் 110 அல்லது 125 சிசியாகத்தான் இருக்கும், அதற்கு 18. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி சிறுவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் மாட்டுவது பெற்றோரும் வண்டியின் சொந்தக்காரரும்தான். 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டிக் கடன் கொடுப்பீர்களா என்று உங்கள் மேஜையில் வைத்துக் கேட்டால் சிரிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சட்டத்துக்கு லீவா?

சரி, போலீஸை விடுங்கள். அந்தச் சாலையில் ஐந்து மணிக்கு வேறு யார் நடமாடுகிறார்கள் என்று குன்னூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டெருமைகள் இருட்டோடு தேயிலைக்குள் மேய்ந்துவிட்டுச் சோலைக்குத் திரும்பும் நேரம் அது. நன்றாக வளர்ந்த கடா ஒரு டன்னை நெருங்கும். கோயில் விளக்கு எண்ணெய்க்குக் கரடி வருகிற ஊர் உங்கள் ஊர். வளைவில் ஒரு காட்டெருமை குறுக்கே நின்றால் நீங்களாவது நடையைக் குறைத்துப் பின்வாங்கலாம். அவன் சரிவில், ஈரத் தாரில், ஒடுக்கமான சாலையில், முகத்தில் வெளிச்சம் பட்டு மிரண்ட மிருகத்துக்கு முன்னால் வண்டியைத் திருப்ப வேண்டும். பாதுகாப்புக்கு என்று அனுப்பப்பட்டவன்தான் அங்கே அதிக ஆபத்தில் இருக்கிறான்.

இப்போது உங்கள் கணவர். தடை சொல்லவில்லை என்று அவருக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்திருக்கிறீர்கள். பெண் தனியாகப் போகக் கூடாது என்று விதி போட்டவர் அவர். அந்த விதியைக் காப்பாற்ற விடிகாலை எழுகிறவன் பையன். அவர் அப்போது எங்கே? கம்பளிக்குள். விதி போட எல்லோராலும் முடியும், அதைச் சுமக்கிற தோள் யாருடையது என்பதுதான் கேள்வி. மனைவிக்குத் துணை தேவை என்று நினைக்கிற கணவன் தானே எழுந்து வர வேண்டும். ஓட வேண்டாம், லைசென்ஸ் உள்ளவர்தானே, அந்த ஸ்கூட்டரை அவரே தேய்த்துக்கொண்டு வரட்டும். இரண்டே ஞாயிறு வந்தால் போதும், விதியைத் தளர்த்தலாமா என்ற யோசனை அவருக்கே வந்துவிடும்.

இதில் எனக்குக் கோபம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு 18 வயதானபோது சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனேன். துணைக்கு என்று தம்பியை அனுப்பினார் அப்பா. அவனுக்கு 11 வயது. வகுப்பு முடியும்வரை வாசல் படிக்கட்டில் தெருவிளக்குக்குக் கீழே உட்கார்ந்திருப்பான். பாதி நாள் தூங்கிவிழுவான், நான் எழுப்பிக் கூட்டி வருவேன். யார் யாருக்குத் துணை என்று அப்போதே எனக்குச் சிரிப்பு வரும். லோயர் பாஸ் பண்ணினேன், அப்புறம் ஹையரும். அந்தப் படிக்கட்டு அவனுக்கு எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பல வருடம் கழித்து அவன் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தபோது, வீட்டில் முதல் ஆளாக "துணைக்கு யாரு?" என்று கேட்டவன் அவன்தான். எங்கே கற்றான் என்று எனக்குத் தெரியும். உங்கள் பையனும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறான். வங்கிக்குப் போய்வரும், 16 கிலோமீட்டர் மலையில் ஓடும் அம்மாவுக்கே தன்னைப் போல ஒரு அரைடிக்கெட் காவல் வேண்டும் என்றால், நாளைக்கு வரப்போகிற மனைவிக்கு எத்தனை பேர் வேண்டும்?

நான் பழைய ஆள். பெற்றவர்களுக்குத் துணை நிற்பது பிள்ளையின் கடமை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எண்பது வயதில் உங்கள் கையைப் பிடித்து அவன் சிம்ஸ் பார்க்கைச் சுற்றிவரட்டும். இப்போது அவனுடைய கடமை தூங்குவது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பொதுத்தேர்வு வருடம் வேறு.

வழிகள் கேட்டீர்கள். லேம்ப்ஸ் ராக் சாலையை விடச் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் மலை சட்டென்று முடிந்து, எதிரே பக்காசுரன் மலையும் கீழே சமவெளியும் திறக்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் விடிந்த பிறகு போங்கள். ஜனவரியில் ஆறே முக்கால் வரை சூரியன் எட்டிப்பார்க்காது, அதுவரை காத்திருங்கள். தாமதமானால் சுற்றுலா வண்டிகள் வந்துவிடும் என்பீர்கள். வரும், ஓரமாக ஓடலாம். இருட்டில்தான் ஓடியாக வேண்டும் என்ற நாளில் சிம்ஸ் பார்க், பெட்ஃபோர்டு, வெலிங்டன் என்று விளக்கும் ஆளும் உள்ள சாலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கோத்தகிரியில் ஓடினால் கன்னேரிமுக்கு பக்கம் போய்ப் பாருங்கள், 1819-ல் மலைக்கு வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் பங்களா அங்கேதான் இருக்கிறது. நீண்ட ஓட்டம் வேண்டுமானால் கோடநாடு காட்சி முனைக்குப் போகிற சாலை. முடிவில் மோயார் பள்ளத்தாக்கு காலடியில் விரியும். ஒரு வழி ஓடினால் போதும், திரும்புவதற்குக் கணவர் காரோடு நிற்கட்டும். கேத்தியில் கேரட், முட்டைக்கோஸ் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும் ஊர்ச்சாலைகள் நன்றாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் தார் வழுக்கும், அப்போது வெயில் வரட்டும். ஆசைப்பட்டு ரயில் தண்டவாளத்தில் மட்டும் ஓடாதீர்கள். பர்லியார் இறக்கத்திலும் வேண்டாம். பலாப்பழக் காலத்தில் அங்கே யானை வரும். சரிவும் சாதாரணமில்லை. கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏற ரயிலுக்கே பல்சக்கரம் தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட சரிவில் இறங்கி ஓடினால் இரண்டு நாள் தொடை வலியோடு கவுன்டரில் உட்கார முடியாமல் நெளிவீர்கள்.

துணை வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பையனுக்கு விருப்பமிருந்தால், விடிந்த பிறகு பக்கத்தில் ஓடட்டும். முதல் மாதம் உங்களுக்குப் பின்னால் வருவான், இரண்டாவது மாதம் உங்களைக் காத்திருக்க வைப்பான்.

வருகிற ஞாயிறு அவனை எழுப்பாதீர்கள். ஏன் எழுப்பவில்லை என்று அவன் எழுந்த பிறகு கேட்பான். அந்தக் குரலில் ஏமாற்றம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவன் பெயரையும் எழுதுங்கள், அச்சில் போட மாட்டேன்.